வழுக்கினதா, விழுந்ததா?

லண்டன் போய் வந்தால் மெழுகு பொம்மை மியூசியத்தைப் பற்றி எழுதுவதுதான் மரபு. நான் எழுதப்போவது முனிசிபாலிட்டி சமாசாரம்.

இங்கிலாந்தில் வயசாகி, தானாகக் குளிக்க, உடுத்த முடியவில்லையென்றால் கவுன்சிலைக் கூப்பிடலாம். ஆள் வந்து, என்ன உதவி தேவை என்று மதிப்பிட்டாக வேண்டும். 2014-ம் வருஷத்துச் சட்டம். கட்டணம் கிடையாது. 'நீதான் பணக்காரனாச்சே' என்று தட்டிக் கழிக்கவும் முடியாது.

நண்பன் வீட்டுக்கு ஒரு அம்மணி ஃபைலோடு வந்தார். நண்பனின் அப்பாவுக்கு 82 வயது. பளிச்சென்று ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார்.

"குளிக்கச் சிரமமா?"

"நோ, நோ!"

"மாடிப்படி?"

"நோ ப்ராப்ளம்!"

நண்பன் பொறுக்காமல், "போன வாரம் பாத்ரூம்ல விழுந்ததைச் சொல்லுப்பா!" என்றான்.

"அது வழுக்கினதுடா. வழுக்கறது வேற, விழறது வேற."

மானஸ்தர்கள் ஃபெயிலாகும் பரீட்சை இது. இதில் நல்ல நாளைச் சொல்லக் கூடாது. மோசமான நாளைத்தான் சொல்ல வேண்டும். நல்லவேளை, விழுந்த தேதிகளை நண்பன் டயரியில் குறித்து வைத்திருந்தான். பிழைத்தது.

அடுத்து பணக் கணக்கு. 2025-26 விதிப்படி, சேமிப்பு 23,250 பவுண்டைத் தாண்டினால் முழுச் செலவும் நம் தலையில். 14,250-க்குள் என்றால் சேமிப்பைத் தொடுவதில்லை. நடுவில் இருந்தால், ஒவ்வொரு 250 பவுண்டும் வாரம் ஒரு பவுண்டு சம்பாதிப்பதாகக் கற்பனை! வருஷத்துக்கு 20 சதவிகிதத்துக்கு மேல் வட்டி. ஓடிப்போகிற ஃபைனான்ஸ் கம்பெனிதான் இப்படித் தருவதாகச் சொல்லும். 2010-லிருந்து 2025 வரை இந்த எல்லைகள் ஒரு பவுண்டுகூட நகரவில்லை.

ஆறுதலும் உண்டு. வீட்டிலேயே வந்து கவனிப்பதானால், குடியிருக்கும் வீட்டின் மதிப்பைச் சேர்ப்பதில்லை. பிள்ளையின் சம்பளத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. உடல் குறையால் கூடுதலாகும் சலவை, ஹீட்டர் செலவுகளுக்கு ரசீது வைத்திருந்தால் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம். பலர் கேட்பதே இல்லை.

எனக்குப் பிடித்தது இன்னொரு ஷரத்து. வீட்டில் பார்த்துக்கொள்கிறவர் மனைவியோ மருமகளோ, அவருக்கும் தனி மதிப்பீடு உண்டு. 'உங்களால் முடிகிறதா? விருப்பம்தானா?' என்று கேட்டே ஆக வேண்டும்.

இதைக் கேட்க அங்கே ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது. நம்ம ஊரில் ஃபாரம்கூட வேண்டாம், சார், கேட்கத்தான் ஆளில்லை.