புலிமுகச் சிலந்தியும் கண்ணாடிப் பெட்டியும்

மாங்குளம் என்றதும் எம்மவர் நினைவுக்கு வருவன ஏ-9 வீதியும், போரில் பலமுறை கைமாறிய அந்தச் சந்தியும்தான். மேலைநாடுகளில் சிலந்தி வளர்ப்போருக்கோ அவ்வூர் வேறொரு காரணத்தால் அறிமுகமானது. 2009 ஒக்ரோபரில், போர் முடிந்து ஐந்து மாதங்களே கடந்திருந்த வேளையில், வடக்கில் ஊரவர் அடித்துக் கொன்ற பெரிய ஆண் சிலந்தியொன்று ரணில் நாணயக்கார என்ற ஆய்வாளரின் கைக்கு வந்தது. அதன் இனத்தைத் தேடிப் புறப்பட்ட அவரது குழுவினருக்குப் பெண் சிலந்தியும் குஞ்சுகளும் அகப்பட்ட இடங்களில் ஒன்று, மாங்குளம் வைத்தியசாலையின் பழைய வைத்தியர் விடுதி. கால்களை விரித்தால் 20 சென்ரிமீற்றர் வரை வரும் அச்சிலந்தி புதிய இனமாக விபரிக்கப்பட்டு, 2013இல் உலக ஊடகங்களில் இடம்பிடித்தது. காட்டுக்குள் தமக்கு வழித்துணையாக வந்த ராஜகுமார் என்ற பொலிஸ் பரிசோதகரைக் கௌரவித்து, அதற்குப் பொயிசிலோதேரியா ராஜேயி என்று பெயரிட்டார்கள்.

வன்னியிலிருந்து வந்த செய்திகளை ஆண்டுக்கணக்கில் செம்மைப்படுத்திய எனக்கு, உயிரிழந்தோர் தொகை இல்லாமல் மாங்குளத்திலிருந்து வந்த செய்தி என்ற வகையிலேயே அது முதலில் மனதில் நின்றது. சிலந்தியைப் பற்றிச் சிந்தித்தது பின்னர்தான்.

நம்மவர் புலிமுகச் சிலந்தி என்றும் சிங்கள மக்கள் திவிமகுளுவா என்றும் அழைக்கும் இப்பேரினம், இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக வாழ்கிறது. நிலத்தில் வளை தோண்டாது. இரை பிடிக்க வலையும் பின்னாது. முதிர்ந்த மரங்களின் பொந்துகளிலும் பட்டையிடுக்குகளிலும் பகலெல்லாம் ஒடுங்கிக் கிடந்து, இரவில் வாயிலருகே காத்திருந்து பூச்சிகளைப் பிடிக்கும். மரப்பட்டையின் நிறமும் கோலமும் அதன் முதுகிலேயே வரையப்பட்டிருப்பதால், பட்டையில் அசையாமல் இருக்கையில் கண்ணுக்கு எளிதில் தென்படாது. அது வெளியே வந்து நம் கண்ணில் படுவது பெரும்பாலும் துணை தேடி அலையும் ஆண் சிலந்தியாக. அல்லது பொந்துள்ள மரங்கள் அழிந்து, பழைய கட்டடமொன்றில் அடைக்கலம் புகுந்த சிலந்தியாக.

இதை வீட்டில் வைத்து வளர்க்கிறார்கள் என்பது எம்மில் பலருக்கு வியப்பாக இருக்கும். இலண்டனில் வாழும் நண்பரொருவரின் மகன் தொலைபேசித் திரையில் தனது சிலந்தியைக் காட்டி, "அங்கிள், இது உங்கட ஊர்ச் சிலந்தி" என்றான். பெருமிதம் அவன் குரலில் தெரிந்தது. உயரமான கண்ணாடிப் பெட்டி, உள்ளே சாய்த்து நிறுத்திய மரப்பட்டை, அடியில் சிறிது ஈரமண், ஒரு தண்ணீர்க் கிண்ணம். உணவுக்குச் சில கரப்பான்பூச்சிகள் அல்லது சுவர்க்கோழிகள். தோல் கழற்றும் காலம் நெருங்கினால் வாரக்கணக்கில் எதையும் தின்னாது. பின்னர் மல்லாந்து படுத்துப் பழைய தோலிலிருந்து கால்களை உருவிக்கொள்ளும். செத்துவிட்டதென்று புதியவர்கள் பதறுவார்களாம். பெண் சிலந்தி பத்தாண்டுகளுக்கு மேலும் வாழும். ஆணுக்கோ முதிர்ச்சியடைந்தபின் ஆயுள் குறைவு.

இதைத் தடவி மகிழ முடியாது, பெயர் சொல்லி அழைக்கவும் முடியாது. மின்னல் வேகத்தில் ஓடக்கூடியது. கடித்தால் கடும் வலியும், சிலருக்கு நாட்கணக்கில் தசைப்பிடிப்பும் ஏற்படும். இத்தனையும் தெரிந்துகொண்டு, ஓர் உயிரைத் தொடாமல் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பதற்காகவே ஒருவர் வளர்ப்பாராயின், அந்த ஆர்வத்தை நான் இகழமாட்டேன். கிளியின் சிறகை நறுக்கிக் கூட்டில் அடைக்கும் எமக்கு அதற்கு அருகதையும் இல்லை.

எனக்கு உடன்பாடில்லாதது அவர்கள் முன்வைக்கும் ஒரு வாதம். பெட்டியில் இனம்பெருக்குவதால் இந்த இனங்களைத் தாம் காப்பாற்றுகிறோம் என்கிறார்கள். ஆந்திரத்தின் நீலச் சிலந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். குத்தி என்ற ஊரின் ரயில்வே மரக்கிடங்கில் அகப்பட்டு 1899இல் விபரிக்கப்பட்ட அது, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எவர் கண்ணிலும் படாமல், 2001இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மீண்டும் காணப்பட்டது. இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்ப்பவர்களிடையே அது தாராளமாகக் கிடைக்கிறது. சொந்தக் காட்டிலோ அழிவின் விளிம்பில் இருப்பதாக ஐயுசிஎன் அதனைப் பட்டியலிட்டுள்ளது. பெட்டிகளில் பெருகியதால் காட்டில் ஒரு மரமாவது நின்றதா? மூலம் தெரியாத தாய் தந்தையருக்குப் பிறந்து, கலப்பினமாகவும் ஆகிவிடக்கூடிய குஞ்சுகளைக் காட்டில் திருப்பி விடவும் முடியாது. கண்ணாடிப் பெட்டியில் நிகழ்வது வளர்ப்பு. அதற்குப் பாதுகாப்பு என்ற பெயர் பொருந்தாது.

சட்டங்கள் தாமதித்தே வந்தன. வணிக நோக்கில் பிடிப்பதையும் ஏற்றுமதி செய்வதையும் இலங்கை 2009ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தில் தடைசெய்தது. அமெரிக்கா 2018இல் இலங்கைச் சிலந்தி இனங்கள் ஐந்தை ஆபத்துக்குள்ளானவையாக அறிவித்தது. இப்பேரினம் முழுவதையும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் சேர்க்குமாறு இலங்கையும் அமெரிக்காவும் கோரின. அந்த மாநாடு 2019 மே மாதத்தில் கொழும்பில் நடைபெறவிருந்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளால் ஒத்திவைக்கப்பட்டு, ஓகஸ்டில் ஜெனீவாவில் கூடி அக்கோரிக்கையை ஏற்றது. இது முழுத்தடை அன்று. அனுமதிப்பத்திரமின்றி எல்லை கடக்கக்கூடாது என்பதே அதன் பொருள்.

ஆனால் எந்த அட்டவணையும் மரம் தறிப்பவனின் கைவாளைத் தடுப்பதில்லை. வன்னியில் முதிரையும் பாலையும் இரவோடிரவாக லொறியேறுவது இரகசியமா என்ன? இளமரத்தில் பொந்து விழாது. பொந்து விழுமளவுக்கு ஒரு மரம் முதிர்வதற்கு மனித ஆயுள் ஒன்று போதாது. மீள்நடுகை என்று விழாவெடுத்து நடப்படும் கன்றுகளில் இச்சிலந்திக்கு இப்போதைக்கு வீடில்லை.

அதற்கு அடுத்த எதிரி தும்புத்தடி. "வெள்ளைக்காரன் எங்கள் சிலந்தியைக் களவெடுக்கிறான்" என்று கொதிப்பவரே, அது தமது சுவரில் ஏறினால் முதலில் தேடுவது அதைத்தான். விஞ்ஞான உலகுக்கு மாங்குளத்துச் சிலந்தி அறிமுகமானதே அடித்துக் கொல்லப்பட்ட பிணமாகத்தானே! பிள்ளைகள் உறங்கும் வீட்டில் அச்சம் எழுவது இயல்பு. அதை நான் குறைசொல்லவில்லை. ஆயினும் இச்சிலந்தி கடித்து எவரும் இறந்ததாக உறுதியான பதிவு எதுவும் இல்லை என்பதையும் அறிந்திருப்பது நல்லது.

இராமேஸ்வரத்தில் கண்டறியப்பட்டு, அங்குள்ள அனுமான் கோயிலொன்றின் பெயர் சூட்டப்பட்டு 2004இல் விபரிக்கப்பட்ட இன்னோர் இனம் உண்டு. அது மன்னாரிலும் வாழ்வதை இலங்கை ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டார்கள். கடலுக்கு இருபுறமும் தமிழர் வாழும் ஊர்களிலேயே அதன் இருப்பிடம். அதைக் காண நேர்பவர்களும் நாமே, அடிப்பவர்களும் நாமே.

வீட்டுக்குள் ஒன்றைக் கண்டால் வெறுங்கையால் தொடவேண்டாம். பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டு, வாயகன்ற போத்தலொன்றை அதன்மீது கவிழ்த்து, அடியால் தடித்த மட்டையொன்றைச் செருகி மூடுங்கள். இருட்டியபின் வளவிலுள்ள பழைய மரமொன்றின் அடியில் போத்தலைச் சரித்து வைத்துவிட்டு விலகி நின்றால், அது தானாகவே ஏறிப் போய்விடும். வளவில் அப்படி ஒரு மரம் இருந்தால்.