இணைய விதிகள்: ஏமாந்தவருக்கும் இருக்கை வேண்டும்

திருமலைக்குச் செல்லும் பக்தரின் பயணம் இப்போது கைப்பேசித் திரையிலேயே தொடங்கிவிடுகிறது. ரூ.300 சிறப்பு நுழைவு தரிசன டிக்கெட்டானாலும், தங்கும் அறையானாலும் இணையவழி முன்பதிவுதான். வெளியிடப்படும் டிக்கெட்டுகள் விரைவில் தீர்ந்துவிடுகின்றன. கிடைக்காமல் தவிப்போரின் அவசரமே போலி இணையதளங்களுக்கு முதலீடு.

2023 ஏப்ரலில் மற்றொரு போலித் தளம் குறித்துத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் புகார் அளித்தது. அதற்கு முன்பே 40 போலித் தளங்கள் மீது வழக்குகள் பதிவாகியிருந்தன. 2024 ஜனவரியில் தேவஸ்தானம் தனது முன்பதிவுத் தளத்தின் முகவரியையே மாற்றியது. ஒரே நிறுவனம், ஒரே இணையதளம், ஒரே செயலி என்பது அதன் நோக்கம். எனினும், ஒரு தளம் முடக்கப்பட்டால் ஓரெழுத்து மாற்றத்துடன் வேறொன்று முளைப்பது எளிது. திருமலை போலீஸாரால் வழக்குப் பதிய முடியும். ஆனால், முகவரியைப் பதிவு செய்து தந்த நிறுவனம் ஓரிடத்திலும், அதைத் தேடித் தரும் நிறுவனம் வேறொரு நாட்டிலும், பணம் போய்ச் சேரும் வங்கிக் கணக்கு மற்றொரு மாநிலத்திலும் இருக்கக்கூடும். இவர்களில் யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்பதைத் தீர்மானிக்கும் விதிகள் தில்லியில் எழுதப்படுகின்றன.

அவ்விதிகள் எழுதப்படும் மேசையில் யார் அமர்கிறார்கள் என்பதே இங்கு எழும் கேள்வி. 2021 பிப்ரவரியில் வெளியான தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, சமூக ஊடகம் உள்ளிட்ட இடைநிலை நிறுவனங்கள் குறைதீர் அதிகாரியை நியமிக்க வேண்டும். அவரது முடிவில் நிறைவு பெறாதவர் மேல்முறையீடு செய்வதற்காக 2023 ஜனவரியில் மூன்று குழுக்கள் அமைக்கப்பட்டன. மூன்றுக்கும் தலைவர்கள் மத்திய அரசு அதிகாரிகளே. நுகர்வோர் அமைப்புகளுக்கோ, மாநிலங்களுக்கோ அக்குழுக்களில் உரிமையாக வழங்கப்பட்ட இடம் எதுவும் இல்லை.

மக்களின் சார்பில் அரசே இருக்கிறதே, வேறு பிரதிநிதி எதற்கு என்று கேட்கலாம். அரசும் இன்று இந்நிறுவனங்களின் வாடிக்கையாளர் என்பதை மறந்துவிடலாகாது. 2025 ஜனவரி 30 அன்று ஆந்திர அரசு 'மன மித்ரா' என்ற பெயரில் 161 சேவைகளை வாட்ஸ்ஆப் வழியே தொடங்கியது. சித்தூர் மாவட்டக் குக்கிராமத்தில் இருப்பவரும் அலுவலகப் படியேறாமல் சான்றிதழ் பெற இது உதவுமெனில் வரவேற்கத்தக்கதே. ஆனால், அதன் வாயில் மெட்டா என்னும் அமெரிக்க நிறுவனத்தின் கையில் உள்ளது. ஒரு நிறுவனத்தின் சேவையைப் பயன்படுத்தும் அரசே அதை ஒழுங்குபடுத்தவும் செய்யும்போது, மூன்றாம் தரப்பின் கண்காணிப்பு இன்றியமையாததாகிறது.

தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்பதை அரசே தீர்மானிக்க வகைசெய்த 2023 ஏப்ரல் திருத்தத்தை, மும்பை உயர்நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. ஒரு தரப்பிடமே அதிகாரத்தைக் குவிக்கும் விதி நீதிமன்றத்தில் நிற்பது அரிது என்பதற்கு இது சான்று.

கலந்தாலோசனைக்கு நெறிமுறை இல்லாமல் இல்லை. 2014-ஆம் ஆண்டின் சட்டமியற்றலுக்கு முந்தைய கலந்தாலோசனைக் கொள்கை, வரைவுகளைக் குறைந்தது 30 நாள்கள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்கிறது; வந்த கருத்துகளின் சுருக்கத்தை வெளியிடவும் சொல்கிறது. நடைமுறை வேறு. செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்படும் போலிக் காட்சிகள் குறித்த வரைவு 2025 அக்டோபர் 22 அன்று வெளியானபோது, முதலில் தரப்பட்ட அவகாசம் 15 நாள்களே. தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளின் வரைவு 2025 ஜனவரியில் வெளியானபோது, பெறப்படும் கருத்துகள் வெளியிடப்பட மாட்டா என்று அமைச்சகம் அறிவித்தது. எந்த நிறுவனம் எதைக் கேட்டது, எது ஏற்கப்பட்டது என்பதை மக்கள் அறிய வழியில்லை.

மொழியும் ஒரு தடை. எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் மக்கள் ஒப்புதல் கோரிக்கையைப் படிக்க நிறுவனங்கள் வசதி செய்ய வேண்டும் என்கிறது தரவுப் பாதுகாப்புச் சட்டம். அச்சட்டத்தின் விதிகளுக்கான வரைவோ அரசிதழில் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வெளியானது. தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் சித்தூரில், ஊராருக்கு முன்பதிவு செய்து கொடுக்கும் இணைய மையக்காரர் எதைப் படித்து, எந்த மொழியில் கருத்து எழுதுவார்?

பலரையும் கேட்டால் காலதாமதமாகும் என்ற வாதத்துக்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. இணையச் சமத்துவம் குறித்து 2015 மார்ச்சில் டிராய் கருத்துக் கேட்டபோது, 10 லட்சத்துக்கும் அதிகமான மின்னஞ்சல்கள் குவிந்தன. அவை பொதுவில் வெளியிடப்பட்டன. 2016 பிப்ரவரி 8 அன்று, இணையச் சேவைக்கு உள்ளடக்கத்தைப் பொருத்து வேறுபட்ட கட்டணம் வசூலிக்கத் தடை வந்துவிட்டது. இதற்கு ஓராண்டுகூட ஆகவில்லை.

பிரேசிலில் 1995-இல் உருவாக்கப்பட்ட இணைய வழிகாட்டுக் குழுவில் 21 உறுப்பினர்கள். அரசுத் தரப்பினர் ஒன்பது பேர் மட்டுமே. மற்றவர்கள் தொழில்துறை, குடிமைச் சமூகம், கல்வித் துறை ஆகியவற்றைச் சேர்ந்தோரும் ஒரு வல்லுநரும். இந்தியாவும் இக்கருத்துக்குப் புதிதன்று. ஐ.நா.வின் இணைய நிர்வாக மன்றம் 2008 டிசம்பரில் கூடியது அன்றைய ஒருங்கிணைந்த ஆந்திரத்தின் தலைநகரான ஹைதராபாதில்தான். அரசு, தொழில்துறை, குடிமைச் சமூகம் ஆகிய மூன்றும் சேர்ந்தே இணையத்தை நிர்வகிக்க வேண்டும் என்பதே அம்மன்றத்தின் அடிப்படை.

குடிமைச் சமூகம் என்ற பெயரில் நிறுவனங்களின் நிதியில் இயங்கும் அமைப்புகள் நுழைந்துவிடும் அபாயமும் உண்டு. எனவே, மேசையில் அமரும் ஒவ்வொருவரும் தமக்கு வரும் நிதி குறித்து வெளிப்படையாகத் தெரிவிப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும்.

செய்ய வேண்டியவை எளியவை. 30 நாள் அவகாசத்தைச் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும். வரைவுகள் மாநில மொழிகளில் வெளிவர வேண்டும். வந்த கருத்துகளும், அவை ஏற்கப்பட்ட அல்லது நிராகரிக்கப்பட்ட காரணங்களும் வெளியிடப்பட வேண்டும். மேல்முறையீட்டுக் குழுக்களில் நுகர்வோர் பிரதிநிதிகளுக்கும் மாநிலங்களுக்கும் இடம் ஒதுக்கப்பட வேண்டும். போலித் தளம் எப்படி முளைக்கிறது என்பதைத் தேவஸ்தானத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவும் திருமலை காவல் நிலையமும் அனுபவத்தால் அறிந்திருக்கின்றன. அந்த அறிவு தில்லிக்கு வந்து சேர ஒரு வழி வேண்டும்.

சேர்த்து வைத்த பணத்தைப் போலித் தளத்தில் இழந்து, மலையடிவாரத்தில் செல்லாத டிக்கெட்டுடன் நிற்கும் குடும்பத்துக்கு, விதி எழுதியவர் யார் என்பது தெரியாது. விதி எழுதுபவருக்காவது அக்குடும்பத்தைத் தெரிந்திருக்க வேண்டும்.