மல்லிகையை எடுத்துவிட்டுத் தேக்கு வைக்கலாமா?

பணி ஓய்வு பெற்று ஊரோடு தங்கிவிட்ட நம்மைப் போன்றவர்கள் நாலு பேர் கூடினால், சர்க்கரை அளவுக்கும் பென்ஷன் அரியர்ஸுக்கும் அடுத்தபடியாக வரும் பேச்சு நிலத்தைப் பற்றித்தான். அண்மைக் காலமாகப் பாலக்கோடு, தொப்பூர், பென்னாகரம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே கேள்வி காதில் விழுகிறது. "பூந்தோட்டத்தை எடுத்துட்டுத் தேக்கு வெச்சிடலாமா சார்?"

காரணம் புரியாமல் இல்லை. பிள்ளைகள் பெங்களூரிலோ ஓசூரிலோ வேலையில் இருக்கிறார்கள். விடிவதற்கு முன் மொக்குப் பறிக்க ஆள் கிடைப்பதில்லை. "மரம் வெச்சுட்டா வேலையே இல்லப்பா, அது பாட்டுக்கு வளரும்" என்று ஃபோனில் யோசனை சொல்கிறார்கள். இந்த யோசனையில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை நம்பி நிலத்தில் கை வைத்தால் நம் வயதில் திருத்திக்கொள்ள நேரம் இருக்காது. எனக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர். அதில் 30 சென்ட் குண்டுமல்லி, வரப்போரம் தேக்கு, கிணற்றடியில் தாத்தா காலத்துப் புளியமரம். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் மல்லிகை. தங்கச்சிமடத்துப் பதியன்களை ஒன்றேகால் மீட்டர் இடைவெளியில் நட்டு, நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10, 15 ஆண்டுகள் பலன் தரும். ஆனால் தினமும் ஆள் கேட்கும் செடி அது. வாரம் ஒரு தண்ணீர் வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். கார்த்திகை மாதம், அதாவது நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் விட்டுக் கவாத்து செய்ய வேண்டும். பச்சையாக இருக்கும் செடியை மொட்டையடிக்க மனம் வராது. ஆனால் புதுத் துளிரில்தான் பூ வரும். கவாத்துக்குப் பயந்தவன் தோட்டத்தில் இலைதான் மிஞ்சும். அதன் பிறகு தொழு உரம், மொக்குப்புழு, செம்பேன், இலை மஞ்சளித்தால் இரும்புச் சத்துக்குத் தெளிப்பு என்று ஆண்டு முழுக்க வேலை இருந்துகொண்டே இருக்கும்.

விலையும் நிலையில்லாதது. மார்கழி, தை பனியில் பூ குறையும். அப்போது கிலோ ஆயிரத்தைத் தாண்டும். ஆடியில் பறிகூலிக்கும் கட்டாத நாள் உண்டு. இருந்தாலும் நட்ட மறு ஆண்டே கையில் காசு புழங்க ஆரம்பிக்கும்.

தேக்கின் குணம் இதற்கு நேர் எதிர். இதில் கவாத்து என்றால் இளம் வயதில் பக்கக் கிளைகளை மட்டும் தண்டையொட்டி எடுப்பதுதான். மல்லிகையை வெட்டுவதுபோல் நினைத்து உச்சியைக் கிள்ளினால், மரம் கவையாகப் பிரிந்து பலகைக்கு உதவாமல் போகும். முதல் இரண்டு மூன்று கோடைக்குத் தண்ணீரும் களையெடுப்பும் கட்டாயம் வேண்டும். நெருக்கி நட்டிருந்தால் சில ஆண்டுகள் கழித்து இடையிடையே மரங்களைக் கழித்தாக வேண்டும். இல்லையென்றால் எல்லாமே குச்சியாக நிற்கும். கோடையில் உதிரும் சருகுக்கு ஒரு பீடித் துண்டு போதும். ஆக, "வேலையே இல்லை" என்பது பொய். வேலை குறைவு என்பதே சரி, அதுவும் முதல் சில ஆண்டுகளைத் தாண்டிய பிறகு.

மண்ணையும் பார்க்க வேண்டும். தேக்குக்கு ஆழமான, வடிகால் உள்ள மண் வேண்டும். ஆற்றோரப் படுகையில் வளருகிற மாதிரி, இரண்டடியில் பாறை தட்டும் நம் செம்மண் மேட்டில் அது வளராது. நிலம்பூரில் 1840-களில் கலெக்டர் கனோலியும் சாத்து மேனனும் சேர்ந்து வளர்த்த தேக்குகளை இன்றும் போய்ப் பார்க்கிறார்கள். அங்கே பெய்யும் மழை என்ன, நமக்குப் பெய்யும் மழை என்ன?

மரத்துக்கு உண்மையான மதிப்பு, வைரம் பாய்ந்த பிறகுதான். வனத்துறையினர் தேக்கை 50, 60 ஆண்டுகள் வளர்த்து வெட்டுவது காரணமில்லாமல் அல்ல. 20 வயது மரத்தில் வெளிறிய மேல்கட்டையே நிறைய இருக்கும். இதை மறைத்துத்தான் 1990-களில் தேக்குத் திட்டங்கள் வந்தன. சில ஆயிரம் கட்டினால் 20 ஆண்டில் லட்சங்கள் என்று பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விளம்பரம். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியர் கிராஜுவிட்டியில் பெரும்பகுதியை அப்படி ஒன்றில் போட்டார். மரமும் வரவில்லை, பணமும் வரவில்லை. கடைசிவரை அந்தச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறை போட்டு பீரோவில் வைத்திருந்தார். இத்தகைய கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு செபி தனி விதிமுறைகளைக் கொண்டுவந்தது 1999-ல். அதற்குள் எத்தனையோ பேருடைய சேமிப்பு போய்விட்டது. அவர்களை ஏமாற்றியது மரமல்ல. மரத்துக்கு இல்லாத அவசரத்தை அதன் மேல் ஏற்றி விற்றவர்கள்தான் ஏமாற்றினார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், மல்லிகை வைத்தவனுக்கு உடம்பு வேண்டும். தேக்கு வைத்தவனுக்கு ஆயுசு வேண்டும். அறுபதைத் தாண்டிய நமக்கு இரண்டுமே அளவோடுதான் இருக்கிறது. அதனால்தான் ஒன்றைப் பிடுங்கி இன்னொன்றை வைக்காதீர்கள் என்கிறேன்.

பூந்தோட்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், அழிக்காதீர்கள். ஒரு ஏக்கர் பார்க்க முடியாவிட்டால், வீட்டிலுள்ள இருவரும் பறிப்பவர் ஒருவரும் சமாளிக்கிற 20 சென்ட் போதும். நிலம் முழுக்கத் தேக்காகிவிட்டால், தலையில் டார்ச் கட்டிக்கொண்டு விடியற்காலையில் வரும் பெண்களுக்கு அந்த வருமானம் அடியோடு நின்றுபோகும். பத்து வருடம் நம் தோட்டத்தில் பறித்தவர்களை நினைக்காமல் முடிவெடுப்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

மரத்தை வரப்போரம் வையுங்கள். மல்லிகைக்கு நிழல் ஆகாது, முழு வெயில் வேண்டும். மார்கழியில் நிழல் வடக்கே சாய்வதால், தோட்டத்தின் வடக்கு ஓரம் மரத்துக்கு நல்லது. ஆனால் எல்லையிலிருந்து தாராளமாக உள்ளே தள்ளி நடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து நிலத்துக்காரரோடு வரப்புச் சண்டையை வாரிசுகளுக்கு எழுதி வைத்த மாதிரி ஆகிவிடும். நட்ட மரங்களைக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் பதியச் செய்யுங்கள். பின்னால் வெட்டும்போது பிள்ளைகள் அலையாமல் இருப்பார்கள்.

மண் ஆழமில்லை என்றால் தேக்கை மறந்துவிட்டுப் புளி வையுங்கள். நம் வறட்சியைத் தாங்கிய மரம் அது. அதன் வைரக்கட்டை செக்குக்கும் உலக்கைக்கும் ஆனது. பெரியகுளம் 1 போன்ற ஒட்டுக்கன்று என்றால் விதைக்கன்றைப் போல நீண்ட காலம் காத்திருக்க வேண்டாம். பத்து மீட்டர் இடைவெளி விட்டால் போதும், பிள்ளைகள் ஊருக்கு வராத வருடத்திலும் காய்க்கும். நான்குவழிச் சாலைக்காக நாம் இழந்த புளிய மரங்களுக்கு ஈடாக வீட்டுக்கு இரண்டாவது வைக்கலாமே.

இந்த மழைக்கு முன் உங்கள் நிலத்தில் மண்வெட்டி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று மூன்று இடத்தில் குழி எடுத்துப் பாருங்கள். பிள்ளைகள் ஊருக்கு வரும்போது அந்தக் குழியைக் காட்டிப் பேசுங்கள். ஃபோனில் பேசி முடிவு செய்கிற விஷயம் இல்லை இது.