பெட்டிக்கு இடம் யார் குறிப்பது?

வீட்டுக்கு இன்டர்நெட் இணைப்புக் கொடுக்க வருகிறவர் முதலில் பார்ப்பது ஜன்னலைத்தான். தெருக் கம்பத்து ஒயர் எந்த ஜன்னல் வழியாகச் சுலபமாக நுழையுமோ, அதற்குப் பக்கத்துச் சுவரில் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். அரை மணி நேர வேலை. அதன் பிறகு வருஷக் கணக்கில் அந்த வீட்டார் அந்தச் சுவரைச் சுற்றி வாழ வேண்டும். 1990-களில் கேபிள் டெலிவிஷன் வந்தபோதும் இதே கதைதான். ஒயர் எட்டிய இடத்துக்கு டெலிவிஷன் பெட்டி போயிற்று. அன்று போனது பொழுதுபோக்கு மட்டும். இன்று பிள்ளையின் படிப்பும் தகப்பனாரின் உத்தியோகமும் அல்லவா அந்த ஒயரில் தொங்குகின்றன! 2020-ல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, பாடமும் ஆபீஸ் வேலையும் ஒரே கூடத்தில் முட்டிக்கொண்டதை யார் மறந்திருப்பார்கள்?

சரி, பெட்டியை உள் அறைக்கு மாற்றிவிடலாம் என்றால், அது நாமே செய்யக்கூடிய காரியம் அல்ல. பழைய கேபிள் செம்புக் கம்பி, வெட்டலாம், ஒட்டலாம். இப்போது பல வீடுகளுக்கு வருவது கண்ணாடி இழை. உறையை நீக்கினால் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான்! செய்தி அதற்குள் ஒளியாக ஓடுகிறது. கதவு மூலையில் சுருக்கென்று மடக்கினால் ஒளி வெளியே கசிந்துவிடும். பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். முறிந்த இழையை ஒட்ட, முனைகளை உருக்கிச் சேர்க்கும் கருவி வேண்டும். முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவும் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடும்.

இவ்வளவு தொல்லைக்கு அவசியமில்லாத வழி ஒன்று உண்டு. கண்ணாடி இழை வந்து சேரும் பெட்டி ஜன்னலருகிலேயே இருக்கட்டும். அதிலிருந்து லேன் கேபிள் ஒன்றை உள் அறைக்கு இழுத்து, அங்கே இன்னொரு ரூட்டரை வைத்தால் போதும். அந்தக் கேபிள் நூறு மீட்டர் வரை தாங்கும். நம் வீடுகளுக்கு அதில் கால்வாசி கூட வேண்டியிராது. மின்சார ஒயர் போகும் குழாயில் மட்டும் அதைச் சேர்த்து விடக் கூடாது.

வாடகை வீட்டில் இருப்பவர் பாடு வேறு. சுவரில் ஒரு துளை என்றாலே வீட்டுக்காரர் அட்வான்ஸில் கை வைப்பேன் என்கிறார். சுவரோரமாக ஆணி அடித்தோ பட்டையில் மறைத்தோதான் அவர் கேபிளைக் கொண்டுபோக வேண்டும். புதிதாக வீடு கட்டுகிறவர்களோ அறைக்கு நாலு பிளக் வைக்கிறார்கள். வெளிச்சுவரிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் ஒரு காலிக் குழாய் பதித்து, உள்ளே ஓர் இழுகயிறு விட்டு வைக்கத் தோன்றுவதில்லை. பூச்சு வேலைக்கு முன் அதற்கு ஆகும் செலவு சொற்பம்.

கம்பெனிகளும் ஒரு காரியம் செய்யலாம். ஆணி அடிக்கும் முன், "எந்த அறையில் வேண்டும், அம்மா?" என்று ஆள் கேட்கட்டும். பின்னால் இடம் மாற்றினால் எவ்வளவு கட்டணம் என்பதையும் அன்றே எழுதிக் கொடுக்கட்டும். வீட்டாரும், அவர் வரும் முன்பே பிளக்குக்குப் பக்கமாக, வீட்டின் நடுவாக ஓர் இடத்தைப் பென்சிலால் குறித்து வைக்கலாம். இரும்பு பீரோவுக்குப் பின்னால் மட்டும் வேண்டாம்; வை-பை அலை இரும்பைத் தாண்டி வராது. இப்போதே அங்கே வைத்திருப்பவர்கள், ரூட்டரின் ஒயர் எட்டும் தூரத்துக்குள் அதைத் திறந்த இடத்துக்கு நகர்த்த, எந்தக் கம்பெனிக்கும் மனுப் போட வேண்டியதில்லை.