கருப்பட்டி மருந்தில்லை, மக்களே!

எனக்குக் கருப்பட்டின்னா உயிர். அதுவும் உடன்குடிக் கருப்பட்டி. லக்னோவுல இதெல்லாம் கிடைக்காது. ஊருக்குப் போய் வர்ற யாரையாவது கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டு வரச் சொல்லி, டப்பாவுல அடைச்சு, பிள்ளைங்க கைக்கு எட்டாத தட்டுல வெச்சிருக்கேன். இவ்வளவு பிடிக்கும்கிறதாலதான் சொல்றேன். கருப்பட்டியை யாராவது மருந்துன்னு சொன்னா எனக்குப் பத்திக்கிட்டு வருது.

பிடிக்குதுங்கிறா, அப்புறம் எரிச்சல்ங்கிறா, இவளுக்கு என்னதான் வேணும்னு கேப்பீங்க. சொல்றேன்.

முதல்ல என் ஜாதகம். வயசு 44. பி.காம். வங்கி அதிகாரி. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல்காட்டுக் கிராமம். டிரான்ஸ்பர் புண்ணியத்துல வடக்கே இது மூணாவது ஊர். உடம்புக்கு வந்தா, 11 வருஷமா தைராய்டு மாத்திரை. ஹெச்பிஏ1சி 6.1, அதாவது சர்க்கரை நோயும் இல்லை, நல்ல உடம்பும் இல்லை, திண்ணையில உட்கார்ந்திருக்கேன். கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்து வந்த கழுத்து வலி தனி. எதுவும் பெரிய வியாதி இல்லை. ஆனா எல்லாமே கூடவே குடியிருக்கிற வியாதி.

இந்த மாதிரி சின்ன வியாதிக்காரங்களுக்குத்தான் உலகத்துல ஆலோசகர்கள் அதிகம். கேன்சர்னு சொன்னா எல்லாரும் வாயை மூடிக்கிறாங்க. தைராய்டுன்னு சொல்லிப் பாருங்க. "அதெல்லாம் ஒண்ணுமில்ல, ஆச்சி காலத்துல தைராய்டு உண்டா? ரெண்டு மாசம் இந்துப்பு போட்டுச் சாப்பிடு, மாத்திரையைத் தூக்கிப் போடு." எங்க குடும்ப வாட்ஸப் குரூப்புல தினம் காலையில குட்மார்னிங் ரோஜாப்பூவுக்கு அடுத்து வர்றது இதுதான். நம்ம முன்னோர்கள் ஒண்ணும் முட்டாள்கள் இல்லைன்னு ஆரம்பிச்சு, நல்லெண்ணெய், கம்பு, கருப்பட்டின்னு போய், 95 வயசுல கண்ணாடி இல்லாம ஊசியில நூல் கோத்த தாத்தாவுல போய் முடியும்.

இதுல வேடிக்கை என்னன்னா, இந்தத் தாத்தா தமிழ்நாட்டுல மட்டும் இல்லை. எங்க பிராஞ்ச்ல ஒரு உள்ளூர்க்காரர் இருக்கார். அவரோட தாத்தா தினம் காலையில சுத்தமான நெய்யில பூரி, தயிரோட ஜிலேபி சாப்பிட்டு 95 வயசு இருந்தாராம். பீகார்க்காரர் தாத்தா சத்து மாவு, கடுகெண்ணெய். மலையாளிச் சேச்சியோட முத்தச்சன் தேங்காயெண்ணெய். கடுகெண்ணெய்க்காரர் தேங்காயெண்ணெயை விஷம்ங்கிறார், நெய்க்காரர் ரெண்டையும் விஷம்ங்கிறார். ஆனா தாத்தாக்கள் மட்டும் எல்லா மாநிலத்துலயும் 95. அப்போ எண்ணெயோட மகிமை எங்கே போச்சு?

நான் டாக்டர் இல்லை. ஆனா கணக்கு தெரியும். பேங்க்ல இதுக்கு என்ன பேருன்னு சொல்றேன், கேளுங்க.

ஒரு பிராஞ்ச் மேனேஜர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவங்ககிட்ட ஒழுங்கா வட்டி கட்டுற 10 கடன் ஃபைலை மட்டும் எடுத்து மேஜையில வைக்கிறார். "பாருங்க சார், எங்க பிராஞ்ச்ல கடன் வாங்கினவங்க எல்லாரும் தங்கம்." மீதி ஃபைல்? அது பீரோவுல. இந்த வித்தை எத்தனை நாளைக்கு நடக்கும்? 2015ல ரிசர்வ் வங்கி சொத்துத் தர ஆய்வுன்னு ஆரம்பிச்சு பீரோவைத் திறக்கச் சொன்னாங்க. அதுவரை நல்ல கடன்னு காட்டிக்கிட்டு இருந்ததெல்லாம் வெளியே வந்து விழுந்துச்சு. 2018 மார்ச்சுல நாட்டோட மொத்த வாராக்கடன் 11 சதவீதத்தைத் தாண்டிப் போச்சு.

நம்ம தாத்தா கதையும் இதேதான். 95 வயசு இருந்தவரை மேஜையில வைக்கிறோம். மத்தவங்க பீரோவுல.

எங்க வீட்டு பீரோவைத் திறக்கிறேன். ஆச்சி பெத்தது எட்டு, தங்கினது அஞ்சு. போன மூணுக்கும் பேர்கூட யாருக்கும் ஞாபகம் இல்லை. ஒண்ணு அம்மை, ஒண்ணு வயித்துப்போக்கு, ஒண்ணு "என்னமோ வந்துச்சு". ஆச்சியோட தம்பி ஒருத்தர் 40 வயசுல களத்துமேட்டுல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சாய்ஞ்சார். முனி அடிச்சிருச்சுன்னு சொன்னாங்க. இன்னிக்கு அதே மாதிரி ஒருத்தர் சாய்ஞ்சா மாரடைப்பான்னுதான் முதல்ல பார்ப்போம். ஆச்சி காலத்துல வியாதி இல்லாம இல்லை மக்களே. வியாதிக்குப் பேர் இல்லை. ரத்தத்தைச் சோதிக்க ஆள் இல்லாத ஊர்ல சர்க்கரை வியாதிக்காரர் எப்படி இருப்பார்?

நாட்டுக் கணக்கையும் பாருங்க. 1971ல இந்தியாவுல பிறந்த ஆயிரம் குழந்தைகள்ல 129 குழந்தைகள் ஒரு வயசைத் தாண்டலை. 2020ல அது 28. 1970களோட தொடக்கத்துல சராசரி ஆயுள் 50 வயசைத் தொடலை. இப்போ 70 பக்கம். (அந்தக் காலத்துல எல்லாரும் 50ல போயிட்டாங்கன்னு இதுக்கு அர்த்தம் இல்லை. குழந்தைகள் அத்தனை போனதுதான் சராசரியைக் கீழே இழுத்துச்சு. தப்பிச்சவங்க 70, 80ன்னு இருந்தாங்க. அந்தத் தப்பிச்சவங்கதான் நம்ம ஃபார்வர்டுல வர்ற தாத்தா.) இந்த மாற்றம் தடுப்பூசியால, நல்ல தண்ணியால, ஆரம்ப சுகாதார நிலையத்தால, மாத்திரையால வந்தது. கருப்பட்டி அப்பவும் இருந்துச்சே!

அடுத்து கம்பு. இப்போ சிறுதானியத்துக்கு ராஜமரியாதை. இந்தியா கேட்டு ஐநா சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டுன்னே அறிவிச்சது. நல்லதுதான், நார்ச்சத்து இருக்கு, மானாவாரி நிலத்துல விளையும், நான் ஒண்ணும் குறை சொல்லலை. ஆனா எங்க ஆச்சி கம்பங்கூழ் குடிச்சது ஆரோக்கியத்துக்காகன்னு மட்டும் சொல்லாதீங்க. கரிசல்காட்டுல நெல்லு விளையாது. நெல்லுச்சோறுங்கிறது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வர்ற விருந்தாளி. அதுக்காக வருஷம் முழுக்க ஏங்கின ஜனம் அது. ரேஷன் அரிசி வந்த அன்னிக்கு ஆச்சி உரலைத் தூக்கி மூலையில போட்டுட்டு அடுத்த நாளே மறந்துட்டா. அவளோட பற்றாக்குறையை இன்னிக்கு நாம பாக்கெட் போட்டு, பச்சை இலை படம் வரைஞ்சு, கிலோ என்ன விலைக்கு விக்கிறோம்னு பார்த்தா அவ சிரிப்பாளா, வைவாளா தெரியலை.

அதுபோக, அவ விடியக்காலம் எந்திரிச்சா பொழுது சாயற வரைக்கும் பருத்திக்காட்டுல குனிஞ்சு நிமிர்ந்தவ. நான் காலை பத்து மணிக்கு நாற்காலியில உட்கார்ந்தா மதியச் சாப்பாட்டுக்கு எந்திரிக்கிறேன். அவ வரவு செலவு வேற, என் வரவு செலவு வேற. அவ சாப்பாட்டை மட்டும் எடுத்துக்கிட்டு அவ வேலையை விட்டுட்டா, பேலன்ஸ் ஷீட் எப்படி டேலி ஆகும்?

இப்போ மருந்துன்னு சொல்றதையெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்துக்குவோம்.

ஒண்ணு. வெள்ளைச் சர்க்கரை விஷம், வெல்லமும் கருப்பட்டியும் அமிர்தம். ரெண்டுலயும் பெரும்பகுதி ஒரே சுக்ரோஸ்தான். 100 கிராம் சர்க்கரையில சுமார் 400 கலோரி. வெல்லத்துலயும் அதை ஒட்டித்தான். வாசம் இருக்கு, நிறம் இருக்கு, கொஞ்சம் தாதுச்சத்து இருக்கு. அந்தச் சத்து உடம்புல ஒட்டுற அளவுக்குத் தின்னா அதுக்கு முன்னாடி சர்க்கரை ஏறிரும். நம்ம நாட்டுல 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13 கோடியே சொச்சம் பேர் என்னை மாதிரித் திண்ணையில. 2023ல வந்த ஐசிஎம்ஆர் ஆய்வு சொன்னது இது. இவ்வளவு பேர்கிட்டப் போய், "சர்க்கரைக்குப் பதிலா நாட்டுச் சர்க்கரை போட்டுக்கோ, ஒண்ணும் செய்யாது"ன்னு சொல்றது பெரிய பாவம்.

ரெண்டு. இந்துப்பு. அதுவும் சோடியம் குளோரைடுதான். பிபிக்காரருக்கு எந்த உப்பும் உப்புதான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு கலர் பார்க்காது. அதுமட்டுமில்லை, பெரும்பாலான இந்துப்புல அயோடின் சேர்க்கிறதில்லை. அயோடின் உப்பே கம்பெனிக்காரன் சதின்னு ஒரு ஃபார்வர்டு சுத்துதே, அவங்களை இமயமலை அடிவாரத்துக்குக் கூட்டிட்டு வரணும். இங்கே உத்தரப்பிரதேசத்துத் தராய்ப் பகுதியில இருந்து இமாச்சல் வரைக்கும் கழுத்துல கழலை தொங்குறது ஒரு காலத்துல சர்வ சாதாரணம். 1956ல டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் காங்ரா பள்ளத்தாக்குல அயோடின் சேர்த்த உப்பைக் கொடுத்துப் பார்த்தாங்க. கழலை குறைஞ்சது. அதை வெச்சுத்தான் 1962ல தேசியக் கழலைத் தடுப்புத் திட்டமே வந்துச்சு. எனக்கு இருக்கிறது அந்த வகை இல்லை. என் உடம்போட எதிர்ப்புச் சக்தியே என் சுரப்பியைத் தாக்குற வகை. அதுக்கு எந்த உப்பும் மருந்தாகாது. காலையில வெறும் வயித்துல அந்தப் பொடி மாத்திரை ஒண்ணு, அப்புறம் முக்கால் மணி நேரம் காப்பிக்குக் காத்திருப்பு. (ஃபில்டர்ல டிகாக்‌ஷன் இறங்குற வாசத்தை மோந்துக்கிட்டே காத்திருக்கிறது இருக்கே, அதுதான் இந்த வியாதியோட உண்மையான கொடுமை :-))

மூணு. இதுதான் முக்கியம். "இங்கிலீஷ் மாத்திரையை ஆரம்பிச்சா கிட்னி போயிரும்." வலி மாத்திரையைக் கணக்கில்லாம முழுங்கினா கெடும், வாஸ்தவம். ஆனா பிபியை அப்படியே விட்டாலும் கிட்னி கெடும். மூளை ரத்தக் குழாயும் கெடும். எங்க சித்தி ஒருத்தி. ஊர்ல அவ கை கருப்பட்டிப் பணியாரத்துக்குப் போட்டி கிடையாது. பிபி மாத்திரை ஒழுங்காப் போட்டுக்கிட்டு இருந்தவ, இந்த கிட்னி ஃபார்வர்டைப் பார்த்துட்டு நிறுத்திட்டா. தலைவலி இல்லை, கிறுகிறுப்பு இல்லை, அதனால பிபியும் இல்லைன்னு முடிவு பண்ணிட்டா. பிபி அப்படித்தான், பெரும்பாலும் சத்தமே போடாது. நாலு மாசத்துல பக்கவாதம். வலது கை இன்னும் முழுசா வரலை. ஃபோன்ல பேசும்போது "ஏட்டி, கரண்டி பிடிக்க வரமாட்டேங்குது"ன்னு சொன்னா. அந்த ஃபார்வர்டை அனுப்பினவர் எங்க குடும்பத்துலதான் இருக்கார், மறுநாளும் குட்மார்னிங் அனுப்பினார். அனுப்பினதுக்குச் செலவு இல்லை. கை போனது சித்திக்கு.

இதுக்கு வர்ற பதிலும் எனக்குத் தெரியும். "மருந்துக் கம்பெனி கொள்ளையடிக்கலையா? தேவையில்லாத டெஸ்ட் எழுதலையா?" அடிக்கிறாங்க, எழுதுறாங்க. அதைக் கேக்கணும், ரெண்டாவது டாக்டர்கிட்டப் போகணும், மக்கள் மருந்தகத்துல பொதுப்பெயர் மாத்திரை வாங்கணும். கடன்ல வட்டி அதிகம்னா வேற பேங்க்ல கேளுங்க. அதுக்காகக் கந்துவட்டிக்காரர்கிட்டப் போவீங்களா?

"அப்போ நம்ம பழைய சாப்பாட்டையே விட்டுரணுமா?" அய்யோ, அதைத்தானே வேண்டாம்ங்கிறேன்! பி.காம். முதல் வருஷத்துலயே சொல்லித் தருவாங்க, ரெவின்யூ செலவைக் கேபிடல் செலவுன்னு எழுதக்கூடாதுன்னு. சாப்பிட்டு முடிச்ச இனிப்பு செலவு. அதை ஆரோக்கியத்துல போட்ட முதலீடுன்னு எழுதினா, கணக்கு பார்க்க அழகா இருக்கும், கம்பெனி முழுகிரும். நான் ஞாயித்துக்கிழமை ஒரு தம்ளர் கருப்பட்டிக் காப்பி குடிக்கிறேன். செலவுன்னு தெரிஞ்சே குடிக்கிறேன். அன்னிக்கு மதியம் சோத்துல ஒரு கரண்டியைக் குறைக்கிறேன், சாயங்காலம் ஒரு சுத்துக் கூட நடக்கிறேன். மத்தபடி அந்தத் தம்ளர்கிட்ட எனக்கு எந்த வைத்தியமும் வேண்டாம். பனை ஓலை வாசம், அடுப்படிப் புகை, ஊதாங்குழலோட ஆச்சி, அது போதும்.

உண்மையில கோபமே அங்கேதான். ஒரு ருசி நமக்குப் பிடிச்சிருக்குன்னு சொல்ல ஏன் இவ்வளவு கூச்சம்? அதுக்கு மருந்துங்கிற சர்டிஃபிகேட் எதுக்கு? கோவில்பட்டிக் கடலை மிட்டாய் நல்லா இருக்கு, அதனால சாப்பிடுறேன்னு சொன்னா என்ன குறைஞ்சு போகும்? ஆச்சியை ஆச்சியா ஞாபகம் வெச்சுக்குங்க. அவளுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி, ஸ்டெதாஸ்கோப்பைக் கையில கொடுத்து நிக்க வைக்காதீங்க. அவ பாவம், எட்டுப் பெத்து மூணைப் புதைச்சவ. நல்ல டாக்டர் கிடைச்சிருந்தா அவதான் முதல் ஆளாப் போய் நின்னிருப்பா.

என்னை மாதிரி வெளியூர்ல உட்கார்ந்து ஊரை நினைச்சுக்கிட்டு இருக்கிறவங்களுக்கு ஒரு வேலை சொல்றேன். இன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு ஃபோன் போடும்போது "சாப்பிட்டாச்சா"ன்னு கேட்டதோட வெச்சுடாதீங்க. "மாத்திரை போட்டாச்சா, அட்டையில எத்தனை மிச்சம் இருக்கு"ன்னு கேளுங்க. எண்ணிச் சொல்லச் சொல்லுங்க. போய் வாங்க ஆள் இல்லைன்னா, தமிழ்நாட்டுல 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம்னு பிபி, சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிற திட்டம் இருக்கு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைப் பதியச் சொல்லுங்க. அப்புறம் அந்த 95 வயசுத் தாத்தா உங்க ஃபோனுக்கு வந்தார்னா, ஒரு கும்பிடு போட்டுட்டு அங்கேயே நிறுத்திடுங்க. அடுத்த ஆளுக்கு அனுப்பாதீங்க.