விலைப்புள்ளிக்கும் விலை உண்டா?

“வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள்.” குழாய் பழுதுபார்ப்பவர், மின்பணியாளர், சாயம் பூசுபவர், தச்சர், சிறு குத்தகையாளர் எனச் சிங்கப்பூரில் கைத்தொழில் செய்யும் எவருக்கும் பழக்கமான வாட்ஸ்அப் செய்தி இது. அனுப்புபவருக்கு அது அரை நிமிட வேலை. பெறுபவருக்கோ ஈசூனிலிருந்து பிடோக் வரை ஒரு பயணம், அளவெடுப்பு, கடைகளில் பொருள் விலை விசாரிப்பு, இரவு உணவுக்குப் பிறகு உட்கார்ந்து எழுதும் கணக்கு. ‘கொட்டேஷன்’ எனப்படும் அந்த விலைப்புள்ளியை அனுப்பிய பிறகு, பல நேரங்களில் நன்றி என்ற ஒரு சொல்கூட வருவதில்லை.

இந்த உழைப்புக்குக் கட்டணம் கேட்கலாமா? கேட்டால் வாடிக்கையாளர் அடுத்தவரிடம் போய்விடுவார் என்பது தொழில் செய்பவரின் அச்சம். வேலையே தொடங்காதபோது எதற்குப் பணம் என்பது வீட்டுக்காரரின் கேள்வி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

‘இலவச விலைப்புள்ளி’ உண்மையில் எவருக்கும் இலவசமன்று. ஒரு குத்தகையாளர் ஐந்து வீடுகளைப் பார்த்து, அவற்றில் ஒரு வேலையைப் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பயணம், அளவு, கணக்கு எல்லாம் சேர்த்து வீட்டுக்கு மூன்று மணி நேரம் என்றால், ஒரு வேலைக்காக அவர் 15 மணி நேரம் செலவிடுகிறார். அதில் 12 மணி நேரம் கிடைக்காத வேலைகளுக்குப் போனது. அந்த நேரத்தையும் எண்ணெய்ச் செலவையும் வாகன நிறுத்தக் கட்டணத்தையும் அவர் எங்காவது ஈடுகட்டியாக வேண்டும். வேலை கொடுத்த அந்த ஒரு வீட்டுக்காரரின் விலையில்தான் அது சேர்கிறது. ஐந்து பேரிடம் விலை கேட்டு நால்வரைத் திருப்பி அனுப்புபவரின் செலவை, வேறொரு வீட்டுக்காரர் கட்டுகிறார்.

வாகனச் செலவும் சிறியதன்று. வேன், லாரி போன்ற வர்த்தக வாகனங்களுக்கான ‘சிஓஇ’ கட்டணம் மட்டுமே 2024, 2025ஆம் ஆண்டுகளில் 60,000 வெள்ளிக்கு மேல் இருந்தது. பெரிய நிறுவனத்தில் விலைப்புள்ளி தயாரிக்கத் தனி ஊழியர் இருப்பார். வேனை ஓட்டுவது, வேலையைச் செய்வது, கணக்கு எழுதுவது என எல்லாமே ஒருவராக இருக்கும் சிறு தொழிலுக்கு, வீணான ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் வருமானத்தைக் கடிக்கிறது.

எல்லா விலைப்புள்ளியும் ஒரே மாதிரியான வேலையும் அன்று. மூவறை வீவக வீட்டுக்குச் சாயம் பூச எவ்வளவு ஆகும் என்பதை, அனுபவமுள்ளவர் நான்கு படங்களைப் பார்த்தே ஏறத்தாழச் சொல்லிவிடுவார். குளிர்சாதனம் ஏன் ஒழுகுகிறது என்பதைப் படத்தில் பார்த்துச் சொல்ல முடியாது. கழற்றிப் பார்க்க வேண்டும். பழுதைக் கண்டுபிடிப்பதே அங்குப் பாதி வேலை. அதனால்தான் குளிர்சாதனப் பழுதுபார்ப்பில் ‘செக்கிங்’ கட்டணம் வாங்குவது இங்கு ஏற்கெனவே வழக்கமாகிவிட்டது.

லிட்டில் இந்தியாவின் கடைவீடுகள் இன்னொரு வகை. நகர மறுசீரமைப்பு ஆணையம் 1989ல் அந்த வட்டாரத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. முகப்பு, கூரை, அஞ்சடி எதில் கைவைப்பதானாலும் விதிமுறைகளைப் பார்க்க வேண்டும். பழைய சுவருக்குள் ஓடும் கம்பியும் குழாயும் எந்த நிலையில் இருக்கின்றன என்பது திறந்தால்தான் தெரியும். அத்தகைய கடைக்கு வரைபடத்துடன் பட்டியல் போட்டுக் கொடுப்பது வெறும் விலை சொல்வதன்று. அது ஓர் ஆலோசனைப் பணி. அந்தப் பட்டியலை வாங்கி, அதையே வேறொருவரிடம் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லும்போதுதான் தொழில் செய்பவருக்கு மனம் கசக்கிறது.

நீதிமன்றமும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கிறது. இங்கிலாந்தில் 1957ல் தீர்ப்பளிக்கப்பட்ட வில்லியம் லேசி எதிர் டேவிஸ் வழக்கில், போரில் சேதமடைந்த கட்டடத்தைத் திரும்பக் கட்டும் வேலை தங்களுக்கே கிடைக்கும் என்று நம்பவைக்கப்பட்ட கட்டுமான நிறுவனம், மேலும் மேலும் மதிப்பீடுகளைத் தயாரித்துக் கொடுத்தது. உரிமையாளர் அவற்றைப் போர்ச் சேத இழப்பீடு தொடர்பில் பயன்படுத்திக்கொண்டார். பிறகு கட்டடத்தையே விற்றுவிட்டார். வேலையைப் பெறுவதற்காகக் கொடுக்கும் வழக்கமான விலைப்புள்ளி தொழில் செய்பவரின் சொந்தப் பொறுப்பு. ஆனால் அந்த எல்லையைத் தாண்டி, கேட்டதற்கிணங்கச் செய்த உழைப்புக்கு நியாயமான தொகை தரவேண்டும் என்றது நீதிமன்றம். சிங்கப்பூரின் ஒப்பந்தச் சட்டம் ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபில் வந்தது என்பதால், அந்தக் கோடு இங்கும் சிந்திக்கத் தக்கது.

வீட்டுக்காரர் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். நான்கு பேரிடம் விலை கேட்டால்தான் ஏமாறாமல் இருக்கலாம் என்பது நம்மவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். ஒவ்வொருவரும் வாசல் ஏறவே பணம் கேட்டால், ஓய்வூதியத்திலோ பிள்ளைகள் தரும் பணத்திலோ வாழும் மூத்தவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க வழியின்றி முதலில் வந்தவரிடமே வேலையைக் கொடுத்துவிடுவார்கள். வேலை செய்யும் எண்ணமே இல்லாமல் பார்வைக் கட்டணத்துக்காக மட்டும் வீடு வீடாகப் போகிறவர்களும் முளைக்கலாம். வந்து பார்த்த பிறகு “இதற்கு இவ்வளவு” என்று கையை நீட்டுவது எந்த வகையிலும் முறையன்று.

எல்லாரும் ஒரே கட்டணம் வாங்கலாம் என்று தொழிற்சங்கங்கள் கூடி முடிவெடுத்தால் சிக்கல் தீராதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வழி அடைபட்டது. போட்டியாளர்கள் சேர்ந்து விலை நிர்ணயிப்பதைப் போட்டித்தன்மைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு தடுக்கிறது. சிங்கப்பூர் மருத்துவச் சங்கமே தன் கட்டண வழிகாட்டியை 2007ல் மீட்டுக்கொண்டது. அத்தகைய வழிகாட்டி சட்டத்துக்கு முரணாகும் என்று போட்டித்தன்மை ஆணையம் 2010ல் கூறியது. மருத்துவர்களுக்குப் பொருந்திய அந்தச் சட்டம் மின்பணியாளர்களுக்கும் பொருந்தும். ஒவ்வொருவரும் தம் கட்டணத்தைத் தாமே முடிவுசெய்ய வேண்டும்.

இலவச விலைப்புள்ளிகளைக் குவிப்பது எப்போதும் பாதுகாப்பு தருவதும் இல்லை. கூட்டுரிமை வீடுகளின் நிர்வாகமும் பல சங்கங்களும் மூன்று விலைப்புள்ளி கேட்பது வழக்கம். 2008ஆம் ஆண்டு ஜனவரியில், கரையான் ஒழிப்பு வேலைகளுக்கு முன்கூட்டியே பேசிவைத்து விலைப்புள்ளி கொடுத்த ஆறு பூச்சி ஒழிப்பு நிறுவனங்களுக்கு ஆணையம் அபராதம் விதித்தது. யார் வெல்ல வேண்டும் என்பது முடிவாகிவிட்ட பிறகு, மற்றவர்கள் வேண்டுமென்றே கூடுதல் விலை எழுதிக் கொடுத்தார்கள். கையில் மூன்று தாள் இருந்தாலும் உண்மையான விலை ஒன்றுகூட இல்லாமல் போகலாம். அக்கறையோடு தயாரித்த இரண்டு விலைப்புள்ளிகள் அவற்றைவிட மேல்.

ஆகவே, கோட்டை இப்படிப் போடுவதே இரு தரப்புக்கும் நல்லது. தொலைபேசியில், படத்தைப் பார்த்து, அல்லது ஒருமுறை வந்து சொல்லும் தோராய விலை இலவசமாகவே இருக்கட்டும். அது தொழிலைத் தேடும் செலவு. பழுதைக் கழற்றிக் கண்டறிவது, வரைபடம், பொருள்வாரியான பட்டியல், திரும்பத் திரும்பத் திருத்துவது ஆகியவற்றுக்குக் கட்டணம் கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்தத் தொகையைக் கிளம்புவதற்கு முன்பே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். வேலை கிடைத்தால் மொத்த விலையில் அதைக் கழித்துவிட வேண்டும். பணம் கொடுத்து வாங்கிய பட்டியலை வீட்டுக்காரர் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். அதில் மனக்கசப்புக்கு இடமில்லை.

கட்டணம் கொடுத்துப் பெற்ற விலைப்புள்ளிக்குப் பொறுப்பும் கூடுகிறது. கொடுத்த மதிப்பீட்டைவிடப் பெரிதும் கூடுதலாக, வாடிக்கையாளரின் வெளிப்படையான முன் ஒப்புதல் இல்லாமல் வசூலிப்பதைப் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தகம்) சட்டம் நியாயமற்ற செயலாகப் பட்டியலிடுகிறது. பிணக்கு வந்தால் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை, சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குக் கொண்டுசெல்லலாம். வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் வாய்ப்பேச்சைவிட எழுத்துதான் அங்கே நமக்குத் துணை நிற்கும்.

வீட்டுக்காரர்கள் செய்யக்கூடியதும் உண்டு. படத்தையும் அளவையும் முதலிலேயே அனுப்பலாம். கையில் எவ்வளவு பணம் இருக்கிறது, எத்தனை பேரிடம் கேட்கிறோம் என்பதை மறைக்காமல் சொல்லலாம். வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால், “இந்த முறை இல்லை, நன்றி” என்று ஒரு வரி அனுப்பலாம். காத்திருக்கும் ஒருவர் அந்த நாளை இன்னொரு வேலைக்கு ஒதுக்க, அந்த ஒரு வரி போதும்.