சமூக இடைவெளி... ஜீப்புல எத்தனை அடி?

கொரோனா டைம்ல நம்ம காதுல அதிகமா விழுந்த வார்த்தை எது? 'சமூக இடைவெளி'! சரி, அந்த 6 அடி இடைவெளி எல்லாருக்கும் கிடைச்சுதா?

வாங்க, கம்பம் பக்கத்துல இருக்கிற காமயகவுண்டன்பட்டிக்கு ஒரு ரவுண்டு போவோம். இந்தப் பக்கத்துக் கூலித் தொழிலாளர்களுக்கு உள்ளூர்ல வயலும் திராட்சைத் தோட்டமும் உண்டு. அதை விட்டா, மலைக்கு மேல இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டம். விடியுறதுக்கு முன்னாடியே தூக்குச்சட்டியோட ஜீப்புல நெருக்கியடிச்சு ஏறி, குமுளி, கம்பம்மெட்டு வழியா கேரளா போவாங்க. அந்த ஜீப்புல 6 அடி இடைவெளியா? காமெடி பண்ணாதீங்க பாஸ்!

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. எல்லையும் அடைபட்டது. கம்ப்யூட்டர் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஏலக்காயை வீட்டிலிருந்து பறிக்க முடியுமா? எல்லை திறந்த பிறகும் நிம்மதி இல்லை. வேலைக்குப் போனா தொற்று பயம், போகலைன்னா அடுப்பு எரியாது.

அடுத்து தடுப்பூசி. 2021 மே மாசம் 18-லிருந்து 44 வயசுக்காரங்களுக்கு ஆரம்பிச்சப்போ, 'கோவின்' தளத்துல முன்பதிவு பண்ணினாதான் ஊசி. ஸ்மார்ட்போனும் சிக்னலும் இருந்தவங்க முந்திக்கிட்டாங்க. அரசு மையங்கள்ல நேர்ல வந்து பதிய அனுமதி கிடைச்சது மே 24-ல்தான்.

இது புதுக்கதை இல்லை. 1918-ல் இன்ஃப்ளூயன்சா தாக்கினப்போ பம்பாயில் ஐரோப்பியர்களில் ஆயிரத்துக்கு 8 பேர் இறந்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதியினரில் ஆயிரத்துக்கு 61 பேருக்கு மேல்! கிருமி ஒண்ணுதான். குடியிருந்த இடமும், சாப்பாடும், வைத்தியமும்தான் வேற வேற.

மாத்த முடியாதா? முடியும். ஊரடங்குல பஸ் ஓடாம, சுகர், பிரஷர் மாத்திரை வாங்க முடியாம தவிச்சவங்க ஏராளம். 2021 ஆகஸ்ட் 5-ல் தமிழக அரசு ஆரம்பிச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்', அந்த மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. இடைவெளியைக் குறைக்கிறதுன்னா இதுதான்!

உங்களுக்கு ஒரு சின்ன அசைன்மென்ட். லீவுக்கு ஊருக்குப் போறப்போ, பக்கத்து வீட்டு அப்பத்தாகிட்ட "மாத்திரை ஒழுங்கா வருதா?"ன்னு கேளுங்க. பகல் முழுக்க வேலைக்குப் போற அக்காகிட்ட "கடைசியா பிரஷர் எப்போ பார்த்தீங்க?"ன்னு கேளுங்க. பதில் சரியில்லைன்னா, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. அடுத்த தொற்று வந்த பிறகு ஓடுறதைவிட, இப்பவே நடக்கிறது நல்லது. என்ன, ஓகேவா?